ஓராண்டு ஒரு நாள்

ஹெவிவெயிட் குத்துச் சண்டைப் பட்டம் வெள்ளையரின் பாட்டன் சொத்து என்று அமெரிக்கா எண்ணிக் கிடந்த காலம். அந்தச் சொத்திலே கை வைத்தார் ஒரு கறுப்பர். அவர்தான் ஜாக் ஜான்சன். அடிமைகளாய்ப் பிறந்த பெற்றோரின் மகன். டெக்சாஸ் மாநிலத்துத் துறைமுகமான கால்வெஸ்டனில் 1878ஆம் ஆண்டு பிறந்தவர்.

1908 டிசம்பரில், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலே, டாமி பர்ன்ஸை வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தார். பொறுக்குமா நிறவெறி? ஓய்வு பெற்றுவிட்ட ஜிம் ஜெஃப்ரீஸை, வெள்ளையர் மானத்தைக் காத்திட வாரும் என்று இழுத்து வந்தனர். 1910 ஜூலை 4ஆம் நாள் ரீனோவில் அவரும் வீழ்ந்தார். அன்றிரவு எத்தனையோ நகரங்களிலே கறுப்பர்கள் தாக்கப்பட்டனர், உயிரிழந்தோரும் உண்டு.

அரங்கிலே வீழ்த்த முடியாதவரை வழக்கு மன்றத்திலே வீழ்த்தக் கிளம்பினர். அதற்குக் கிடைத்த கருவி மான் சட்டம். விபசாரத்துக்காகப் பெண்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு செல்வோரைத் தண்டிக்க 1910இல் வந்தது அது. ஆனால் ஒழுக்கக்கேடு என்ற வலையையும் அதிலே அகல விரித்திருந்தார்கள். ஜான்சனோ வெள்ளைப் பெண்களோடு ஒளிவு மறைவின்றி வாழ்ந்தவர், மணந்தும் கொண்டவர். முன்னாள் காதலி பெல் ஷ்ரைபர், பிட்ஸ்பர்க்கிலிருந்து சிகாகோ வரப் பணம் அனுப்பியதே குற்றமாயிற்று. ஜூரிகள் அத்தனை பேரும் வெள்ளையர். 1913 ஜூன் 4ஆம் நாள், ஓராண்டு ஒரு நாள் சிறை, 1000 டாலர் அபராதம் என்று தீர்ப்பாயிற்று.

அநீதிதான். அதிலே நமக்கு ஐயமில்லை. அப்பீல் முடியும் வரை ஜாமீனும் கிடைத்தது. ஜாமீன் என்பது விடுதலையா? அல்ல. கூப்பிட்ட நாளில் வந்து நிற்பேன் என்ற வாக்குறுதி. அதற்கு ஈடாகப் பணமோ சொத்தோ கட்டி வைப்பது. வாக்குத் தவறினால் ஈடு பறிபோகும், பிடிவாரண்டு புறப்படும், மறுபடி ஜாமீன் கேட்க வாயிராது. இத்தனையும் இருந்தும், அந்த ஜூன் மாதமே ஜான்சன் கனடாவுக்குத் தப்பினார். கறுப்பர் பேஸ்பால் குழுவின் ஆட்டக்காரர்போல் வேடமிட்டுப் போனதாக அவரே பின்னாளில் கதை சொன்னார். அதை நம்புவோர் நம்பட்டும். மாண்ட்ரியலில் கப்பலேறிப் பிரான்சு சேர்ந்தார்.

கொடுமை என்னவென்றால், 1914இல் அப்பீல் நீதிமன்றம் வழக்கை ஆராய்ந்து, விபசாரம் பற்றிய குற்றச்சாட்டுகள் நிலைக்கா என்று தள்ளி, தண்டனையைத் திரும்ப நிர்ணயிக்கச் சொல்லிவிட்டது! குறைத்துக் கேட்க வாய்ப்பு வந்தது. கேட்க வேண்டியவரோ கடலுக்கு அப்பால். ஊரிலே இருந்திருந்தால் சில மாதங்களிலே முடிந்திருக்குமோ என்னவோ!

லண்டன், பாரிஸ், போனஸ் அயர்ஸ், பார்சிலோனா என்று அலைந்தார். அமெரிக்க மண்ணிலே கால் வைக்க வழியில்லாததால், பட்டத்துக்கான சண்டையும் கியூபாவின் ஹவானாவில் நடந்தது. 1915 ஏப்ரல் 5ஆம் நாள், கொளுத்தும் வெயிலில், 26ஆம் சுற்றிலே, ஜெஸ் வில்லார்டிடம் பட்டத்தைப் பறிகொடுத்தார். வேண்டுமென்றே விழுந்தேன் என்று பிறகு சொல்லிக்கொண்டார். 37 வயது உடம்பு என்ன சொல்லிற்றோ! மகனுக்காக ஏங்கிய தாயும், அவர் திரும்புமுன்பே சிகாகோவில் கண்ணை மூடினார்.

1920 ஜூலை 20ஆம் நாள், மெக்சிகோ எல்லையிலே தாமாகவே சரணடைந்தார். தண்டனை குறைந்ததா? இல்லை. பழைய நீதிபதி கார்ப்பெண்டர், பழையபடியே ஓராண்டு ஒரு நாள் விதித்தார். ஜாமீனை மீறுவதைத் தனிக் குற்றமாக்கும் மத்தியச் சட்டம் அமெரிக்காவிலே 1954இல்தான் வந்தது. இவர் காலத்தில் அது இருந்திருந்தால் இன்னொரு தண்டனையும் காத்திருக்கும். எனினும் அந்த ஓராண்டுக்கு முன்கூட்டியே அவர் செலுத்திய வட்டி ஏழாண்டு. அதுவும் வீரனின் வாழ்விலே திரும்பி வராத ஏழாண்டு.

லெவன்வொர்த் சிறையிலிருந்து 1921 ஜூலை 9ஆம் நாள் வெளியே வந்தார். மறு ஆண்டு, திருகு சாவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். உலகப் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு மட்டும் பிறகு வரவேயில்லை. 1946 ஜூனில் கார் விபத்திலே மாண்டார். 2018 மே 24ஆம் நாள், தீர்ப்புக்கு 105 ஆண்டு கழித்து, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மன்னிப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்.