தொண்டியிலிருந்து வந்த இசை ஞானி: குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்)

வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனிகளில் இரவு ஷிப்டு ஓடும்போது, ஓவர்லாக் மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே செல்போனில் நாகூர் ஹனிபாவின் குரல் கேட்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. அவர் பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன்பே தமிழில் இறைவனைப் பாடிய ஒரு முஸ்லிம் இசைப் புலவரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தொண்டி, திருவாடானைப் பக்கத்திலிருந்து இங்கே பிழைக்க வந்த நம் பிள்ளைகளுக்கே அவர் பெயர் தெரியாமல் போவதுதான் நம்மை இதை எழுத வைத்தது.

இராமநாதபுரம் மாவட்டம் தொண்டிக்கு அருகே உள்ளது குணங்குடி. அங்கே 1792-ல் நயினார் முகம்மது, பாத்திமா தம்பதியருக்குப் பிறந்தவர் சுல்தான் அப்துல் காதிர். கீழக்கரையில் தைக்கா சாகிபு என்று போற்றப்பட்ட ஷெய்கு அப்துல் காதிர் லெப்பை ஆலிமிடம் மார்க்கக் கல்வி பயின்றார். மாமன் மகளை மணமுடிக்க வீட்டார் நினைத்தபோது, அவர் மனம் அதில் செல்லவில்லை என்பார்கள். 1813-ல், இருபது வயதைச் சற்றே கடந்த நிலையில் வீட்டையும் சொத்தையும் விட்டுப் புறப்பட்டார். திருச்சியில் மௌலவி ஷாம் சாகிபிடம் ஞான வழியில் தீட்சை பெற்றார். பிறகு மலைகளிலும் காடுகளிலும் தனித்திருந்து பல ஆண்டுகள் தவம் செய்தார். இறைக் காதலில் தன்னை மறந்தவர் என்பதால் மக்கள் அவரை மஸ்தான் என்றழைத்தனர்.

இறுதியில் சென்னை இராயபுரத்தில், புதர் மண்டிக்கிடந்த லெப்பைக் காடு என்ற இடத்தில் தங்கினார். தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் தொண்டியார் என்றனர். தண்டையார்பேட்டை என்ற பெயரே இதிலிருந்துதான் வந்தது என்று சொல்வோரும் உண்டு. சாதி, சமயம் பாராமல் அவரிடம் சீடர்கள் சேர்ந்தனர். தமிழறிஞர் திருத்தணிகை சரவணப்பெருமாள் ஐயர் அவர் மீது நான்மணிமாலை பாடினார்.

அவர் வாழ்ந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். கர்நாடக இசையின் மும்மூர்த்திகள் என்று கொண்டாடப்படும் சியாமா சாஸ்திரிகள் (1762–1827), தியாகராஜர் (1767–1847), முத்துசுவாமி தீட்சிதர் (1776–1835) ஆகியோரின் காலமும் அதுவே. அவர்கள் பெரும்பாலும் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் இயற்றினார்கள். மஸ்தான் சாகிபு பாமரரும் பாடக்கூடிய தமிழை எடுத்துக்கொண்டார். கண்ணி என்பது இரண்டிரண்டு அடிகளாகச் செல்லும் பாட்டு. தாயுமானவர் பாடிய பராபரக்கண்ணி, ஆனந்தக்களிப்பு போன்ற வடிவங்களை இவரும் கையாண்டார். எக்காலக்கண்ணி, மனோன்மணிக்கண்ணி, றகுமான் கண்ணி, முகியித்தீன் சதகம், கீர்த்தனைகள் என்று அவர் பாடல்கள் விரிகின்றன. சித்தர்களின் சொல்லும் அரபுச் சொல்லும் ஒரே பாட்டில் இயல்பாக அமர்ந்திருக்கும்.

இங்கேதான் கருத்து வேறுபாடும் எழுகிறது. இறைவனை மனோன்மணி என்ற காதலியாக அழைத்ததையும், அகத்தீசன், நந்தீசுவரன் போன்ற பெயர்களைக் கையாண்டதையும் ஏற்காதவர்கள் நம் சமுதாயத்தில் உண்டு. இவை சூஃபி மரபின் உருவகங்கள் என்று விளக்குவோரும் உண்டு. இசை குறித்தும் அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை. அந்த விவாதத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கில்லை. ஆனால் படிக்காமலே ஒதுக்குவது ஒரு தீர்ப்பு ஆகாது.

1838-ல் அவர் வஃபாத்தானபோது வயது ஐம்பதைக்கூட எட்டவில்லை. தாம் தங்கியிருந்த அந்த வடசென்னை மண்ணிலேயே அடக்கமானார். மும்மூர்த்திகளின் பாடல்களைச் சீடர் பரம்பரை மெட்டோடு காத்தது. இன்றும் மேடைகளில் அவை ஒலிக்கின்றன. மஸ்தான் சாகிபின் பாடல்கள் பக்கீர்களின் நாவிலும் அச்சுப் புத்தகங்களிலும் தங்கின. சொல் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் பாடும் குரல்கள்தான் குறைந்து வருகின்றன.

தமிழ் இசையில் முஸ்லிம்களுக்கு என்ன பங்கு என்று யாராவது கேட்டால், நம் பிள்ளைகள் விழித்துக்கொண்டு நிற்கக் கூடாது. ஊருக்குப் போகும்போது தாத்தா, நன்னிமாரிடம் கேட்டுப் பார்க்கட்டும். அவர்களில் யாருக்காவது ஒரு கண்ணியாவது மெட்டோடு நினைவிருந்தால், அதைப் பதிவு செய்துகொண்டு வரட்டும். ஹனிபாவின் குரல் ஒலிக்கும் அதே செல்போனில் அதற்கும் இடமிருக்கிறது.