தெலுங்கு மண்ணில் வேரூன்றிய நெல்லைத் தமிழர் - பேராயர் அசரியா

திருப்பதியில் இருந்து விஜயவாடா, வாரங்கல் வழியாக செகந்திராபாத் செல்லும் ரெயிலில் ஏறினால், கம்மம் தாண்டியதும் டோர்னக்கல் என்ற ஜங்ஷன் வரும். வேலை விஷயமாகவும் உறவினரைப் பார்க்கவும் அந்த வழியில் போய் வரும் தமிழர்கள் ஏராளம். ஆனால், அந்தச் சிறிய ஊரில் ஒரு தமிழர் 35 ஆண்டுகள் வாழ்ந்து, அங்கேயே மறைந்து, அந்த மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நாம் பிழைப்புத் தேடி மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர்கள். அவரோ இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தவர். சம்பாதிக்க அல்ல, கொடுக்க வந்தவர். அவர்தான் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயர் ஆன முதல் இந்தியர்.

பனங்காட்டில் பிறந்தவர்

திருநெல்வேலிச் சீமையில் திருச்செந்தூர் வட்டாரத்தில், பனைமரங்கள் நிறைந்த செம்மண் பூமியில் வெள்ளாளன்விளை என்ற கிராமம் இருக்கிறது. அங்கு 1874-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந்தேதி அசரியா பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம், அந்த ஊர் சபையின் குருவானவர். தாயார் எலன் அம்மையார்.

மூத்தது பெண் குழந்தை. அதன்பின் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து பெற்ற ஆண் பிள்ளை இவர். வேதாகமத்தில் அன்னாள் என்ற தாய், வேண்டிப் பெற்ற மகனுக்கு சாமுவேல் என்று பெயரிட்டாள். அதேபோல எலன் அம்மையாரும் தன் மகனுக்கு சாமுவேல் என்று பெயரிட்டார். 1889-ல் தந்தை இறந்தார். பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு தாயார் தலையில் விழுந்தது. அவர் கண்டிப்பானவர். ஜெபமும் படிப்பும் ஒழுங்கும்தான் அந்த வீட்டின் சொத்து.

மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் படித்த அசரியா, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்து கணிதம் படித்தார். இறுதித் தேர்வு நேரத்தில் உடல்நலம் கெட்டது. தேர்வு எழுத முடியவில்லை. மறுபடி எழுதவும் அவர் போகவில்லை. பட்டம் இல்லாமலே வெளியே வந்தார். பட்டம் பெறாத அந்த மாணவருக்கு, பிற்காலத்தில் (1920-ல்) கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கி கவுரவித்தது.

1895-ல் ஒய்.எம்.சி.ஏ. என்னும் வாலிபர் சங்கத்தில் செயலாளர் வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் போய் இளைஞர்களைக் கூட்டிப் பேசும் வேலை. ஷெர்வுட் எட்டி என்ற அமெரிக்க இளைஞரும் அவரும் இணைந்து சுற்றினார்கள். வெள்ளைக்காரரும் இந்தியரும் சமமாகப் பழகுவது அரிதாக இருந்த அந்தக் காலத்தில் அவர்கள் இணைபிரியாத நண்பர்கள் ஆனார்கள். 1898-ல் அன்பு மரியம்மாளை அசரியா மணந்தார். திருநெல்வேலி கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரி வரை சென்ற முதல் சிலரில் அவரும் ஒருவர்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த கேள்வி

1902-ம் ஆண்டு. அசரியா இலங்கையில் உள்ள யாழ்ப்பாணத்துக்குப் போனார். அங்கே கண்ட ஒரு காட்சி அவர் வாழ்க்கையைத் திருப்பியது.

யாழ்ப்பாணத் தமிழ் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசைச் சேர்த்து, கடல் கடந்து தமிழ்நாட்டில் உள்ள தொண்டிப் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பி வைத்திருந்தார்கள். சின்னஞ்சிறு சபை, இருப்பதில் இருந்து எடுத்து, கவனிப்பார் இல்லாத மக்களுக்குக் கல்வியும் நற்செய்தியும் கொண்டு போய்க் கொண்டிருந்தது.

அசரியாவுக்கு வெட்கமாகிவிட்டது. ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்த 1820-ம் ஆண்டிலிருந்து கணக்கிட்டாலும் 80 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள், நூற்றுக்கணக்கான கோவில்கள், பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரிகள் எல்லாம் திருநெல்வேலியில் இருந்தன. ஆனால், இங்கிலாந்தில் இருந்து பணம் வரும், துரைமார் வருவார்கள் என்று வாங்கியே பழகிய சபை, வெளியே யாருக்கும் எதையும் அனுப்பவில்லை. பெற்றுக்கொள்ளத் தெரிந்த நமக்குக் கொடுக்கத் தெரியாதா என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை.

ஊருக்குத் திரும்பினார். நண்பர்களைக் கூட்டினார். குருமார்களிடமும் உபதேசியார்களிடமும் பேசினார். 1903-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந்தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. ஆட்கள் நம்மவர், பணம் நம்முடையது, நிர்வாகமும் நம்முடையது. வெளிநாட்டுக் காசு வேண்டாம் என்பதே அதன் அடிப்படை.

பிடியரிசிக் கலயம்

சங்கம் தொடங்குவது எளிது. அதை நடத்துவது எப்படி? அன்றைய நெல்லைக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் பனையேறிகள், சிறு விவசாயிகள், கூலிக்காரர்கள். அவர்களிடம் ரொக்கம் ஏது?

அதற்கு வழி அடுப்பங்கரையில் இருந்தது. உலை வைக்கும்போது குடும்பத் தலைவி ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். வாரம் முடிந்ததும் அந்த அரிசி கோவிலுக்குப் போகும். இதுதான் பிடியரிசிக் காணிக்கை. அறுப்புக் காலத்தில் நடக்கும் ஸ்தோத்திரப் பண்டிகையில் கோழியும், வாழைக்குலையும், பூசணியும் காணிக்கையாக வந்து ஏலம் போகும். ஏழை வீட்டில் ஒரு பிடி குறைந்தால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. ஆனால் நூறு வீட்டுப் பிடி சேர்ந்தால் ஓர் ஊழியரின் சம்பளத்துக்கு வழி பிறக்கும்.

இன்னொரு பலனும் உண்டு. அரிசி எடுத்துப் போடும் பெண்ணுக்கு, அது எங்கே போகிறது, யாருக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை வரும். கொடுத்தவள் கேட்பாள். கேட்டவள் ஜெபிப்பாள். வெளியூர் ஊழியம் என்பது குருவானவர் மட்டும் பேசும் விஷயமாக இல்லாமல், வீட்டுப் பேச்சாகிவிடும். அசரியா இதை நன்றாகப் புரிந்து வைத்திருந்தார். காணிக்கை கொடுப்பதைப் பற்றிப் பிற்காலத்தில் தனி நூலே எழுதினார்.

ஊழியத்துக்கு எந்த இடம்? தமிழ் பேசும் இடமாக இருந்தால் வசதிதான். ஆனால் சங்கத்தார் வசதியைப் பார்க்கவில்லை. வேறு மொழி, வேறு அரசு, யாரும் எட்டிப் பார்க்காத பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுதான் ஐதராபாத் நிஜாம் ஆட்சியில் இருந்த டோர்னக்கல் பகுதி. 1904-ல் ஊழியம் தொடங்கியது.

அடுத்த ஆண்டு, 1905 கிறிஸ்துமஸ் தினத்தன்று, வங்காளத்தில் உள்ள செராம்பூரில் இந்தியா, பர்மா, இலங்கைப் பிரதிநிதிகள் கூடி தேசிய மிஷனரி சங்கத்தை அமைத்தார்கள். அதை அமைத்தவர்களில் அசரியாவும், சேலத்தில் பிறந்த கே.டி.பாலும் முக்கியமானவர்கள். நெல்லையில் போட்ட விதை நாடு முழுவதும் பரவியது.

அனுப்பியவரே போனார்

ஊர் ஊராகப் போய், மற்றவர்களைப் போகச் சொல்வது ஒன்று. தானே போவது வேறு. அசரியாவின் மனசாட்சி அவரை விடவில்லை. நல்ல பதவி, நாடறிந்த பெயர், வெளிநாட்டுப் பயணம் எல்லாம் இருந்தன. அவற்றை விட்டு 1909-ல் குருப்பட்டம் பெற்று, குடும்பத்துடன் டோர்னக்கல் போய்ச் சேர்ந்தார்.

வயது 35-ஐ நெருங்கிவிட்டது. அந்த வயதில் பிள்ளைகளைப் போலத் தெலுங்கு அரிச்சுவடியில் இருந்து தொடங்கினார். அன்பு அம்மாளும் கற்றார். மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போனார்கள். அவர்களைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா வகுப்பைச் சேர்ந்த ஏழை விவசாயக் கூலிகள். எழுத்தறிவில்லை, கடன் தொல்லை, குடிப்பழக்கம், பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் உரிமையில்லை. அவர்களுக்காகப் பள்ளிகளும், ஊழியருக்கான பயிற்சிப் பள்ளியும், தொழிற்பயிற்சியும் ஏற்பட்டன.

ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் ஊழியரே என்பது அவருடைய முறை. புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களை, தங்கள் தலையில் கை வைத்துக்கொண்டு, நற்செய்தியை அறிவிப்பது தங்கள் கடமை என்று உறுதிமொழி சொல்லச் செய்வார். நேற்று வந்த கூலிக்காரரும் நாளை பக்கத்து ஊருக்குச் சொல்ல வேண்டும். ஏழை என்பதால் காணிக்கையில் இருந்தும் விலக்கு கிடையாது. வாங்குகிறவனாக மட்டும் ஒருவனை வைத்திருப்பது அவனை அவமதிப்பது என்று அவர் நம்பினார்.

எடின்பரோவில் ஒலித்த குரல்

1910-ல் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. சுமார் 1,200 பிரதிநிதிகள். அதில் ஆசியர்கள் 20 பேர்கூட இல்லை. அந்தச் சபையில் அசரியா எழுந்தார். மிஷனரிகளின் தியாகத்துக்கு இந்தியா என்றும் நன்றி செலுத்தும் என்றார். ஆனால் அவர்கள் இந்திய ஊழியர்களைச் சமமாக நடத்துவதில்லை என்பதை மறைக்காமல் எடுத்துச் சொன்னார். எங்களுக்கு வேண்டியது எஜமானர்கள் அல்ல, நண்பர்கள் என்பதே அவர் பேச்சின் சாரம். மண்டபத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்தப் பேச்சு இன்றுவரை உலகெங்கும் நினைக்கப்படுகிறது.

1912 டிசம்பர் 29-ந்தேதி கல்கத்தா பேராலயத்தில் அவர் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். அப்போது வயது 38. இந்தியர் ஒருவரின் கீழ் வெள்ளைக்காரர் வேலை செய்வதா என்ற எதிர்ப்பு இருந்தது. அவர் வாதாடவில்லை. வேலை செய்து காட்டினார்.

குறையும் நிறையும்

அவர் எடுத்த எல்லாக் காரியமும் வெற்றி பெற்றுவிடவில்லை. மாலா, மாதிகா பிரிவினர் ஒரே கோவிலில் சேர்ந்து உட்கார வேண்டும் என்று ஆயுள் முழுவதும் போராடினார். ஆனாலும் சாதிப் பகை சபைக்குள் அடிக்கடி தலைதூக்கியது. அது அவருக்குத் தீராத வேதனை.

மதமாற்றம் பற்றி 1930-களில் மகாத்மா காந்திக்கும் அவருக்கும் கருத்து வேற்றுமை ஏற்பட்டது. ஏழைகளின் அறியாமையைப் பயன்படுத்தி மதம் மாற்றக்கூடாது என்பது காந்தியின் கவலை. தனக்கு எது நல்லது என்று முடிவு செய்யும் உரிமை ஏழைக்கும் உண்டு என்பது அசரியாவின் வாதம். அதேசமயம், கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம் என்று சொன்னவரும் அவரே. அரசியல் சலுகைக்காகச் சபை தனிக்கூட்டமாகிவிடக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்.

டோர்னக்கலில் அவர் எழுப்பிய பேராலயம் கட்டி முடிய ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆயிற்று. 1939 ஜனவரி 6-ந்தேதி பிரதிஷ்டை ஆனது. இந்துக் கோவில் மண்டபத்தின் சாயலும், மசூதியின் குவிமாட அழகும் அதில் கலந்திருக்கின்றன. இந்த மண்ணில் கட்டுவது இந்த மண்ணைப் போல இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

பிரிந்து கிடந்த திருச்சபைகள் ஒன்றாக வேண்டும் என்று 1919-ல் தரங்கம்பாடியில் கூடிய கூட்டத்தில் இருந்து அவர் பாடுபட்டார். பலனைக் கண்ணால் காணவில்லை. 1945 ஜனவரி 1-ந்தேதி டோர்னக்கலில் காலமானார். அப்போது அவர் மாவட்டத்தில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். 1947 செப்டம்பர் 27-ந்தேதி தென்னிந்தியத் திருச்சபை உதயமானது.

சித்தூரிலும் திருப்பதியிலும்

நம் பக்கத்துக்கு வருவோம். 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது சித்தூர். இங்கு சபைகளை உருவாக்கியது, ஸ்கடர் சகோதரர்கள் 1853-ல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன். திருப்பதி வட்டாரத்தில் ஜெர்மனியில் இருந்து வந்த ஹெர்மன்ஸ்பர்க் மிஷனார் ஊழியம் செய்தார்கள். தென் ஆந்திர லுத்தரன் திருச்சபையின் தலைமையிடம் இன்றும் திருப்பதிதான். ஆக, நாம் ஞாயிறுதோறும் உட்காரும் கோவில்களின் அஸ்திவாரம் யாரோ தூரதேசத்து ஏழை விதவையும் தொழிலாளியும் போட்ட காசு.

இங்குள்ள தமிழ்ச் சபைகள் பெரும்பாலும் வெளியூரில் இருந்து வேலைக்கு வந்தவர்களால் நிறைந்தவை. பண்டிகைக்கு ஊர்க் கோவிலுக்குப் பணம் அனுப்புகிறோம். ஊரில் கோபுரம் கட்ட நன்கொடை கொடுக்கிறோம். அது தவறல்ல. ஆனால் நமக்குச் சோறு போடும் இந்த ஊரில், நம் கோவில் வாசலைத் தாண்டி யாருக்கு என்ன செய்தோம்?

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு ஊழியத்துக்கென்று ஒதுக்கலாம். வெளியே பணி செய்யும் ஊழியர் ஒருவரின் கடிதத்தைச் சபையில் வாசிக்கலாம். மறுபடியும் பிடியரிசிக் கலயம் வைக்கலாம். தெலுங்குச் சபையாருடன் ஆண்டுக்கு ஒருமுறையாவது சேர்ந்து ஆராதிக்கலாம். இருபது ஆண்டுகள் இங்கே இருந்தும் பஸ் பலகையைத் தெலுங்கில் வாசிக்கத் தெரியாதவர்கள் நம்மில் உண்டு. அதையாவது கற்கலாம்.

அடுத்த முறை ரெயில் டோர்னக்கலில் நிற்கும்போது ஜன்னல் வழியாக ஒரு நிமிடம் எட்டிப் பாருங்கள். வெள்ளாளன்விளையில் இருந்து புறப்பட்டு, 35 வயதில் தெலுங்கு அரிச்சுவடி எழுதப் பழகிய ஒரு தமிழர் அங்கே உறங்குகிறார். அவரை அனுப்பி வைத்தது ஏழை வீட்டு அடுப்பங்கரைகளில் சேர்ந்த அரிசி.