பொலிஸ் தலைவர் ஓ. டபிள்யூ. வில்சன்

வேலியே பயிரை மேய்ந்த கதையை நாம் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். 1960 ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் சிக்காகோ மாநகரில் அது கண்கூடாக நிகழ்ந்தது. சம்மர்டேல் பகுதிப் பொலிஸார் எண்மர் ஒரு கள்வனோடு கூட்டுச் சேர்ந்து கடைகளை உடைத்துக் களவாடியமை வெளிவந்தது. ஊர் கொதித்தெழுந்தது. புதிய பொலிஸ் தலைவரைத் தேடும்படி நகரபிதா ரிச்சர்ட் டேலி ஒரு குழுவை நியமித்தார். அதன் தலைவர் ஒரு சர்வகலாசாலைப் பேராசிரியர். தேடித் தேடி ஈற்றில் அக்குழு தன் தலைவரையே தெரிந்தெடுத்தது! அவர்தாம் ஓர்லாண்டோ வின்பீல்ட் வில்சன்.

பேராசிரியர் என்றதும் ஏட்டுச் சுரைக்காய் என எண்ணிவிடலாகாது. 1900 இல் தென் டக்கோட்டாவிற் பிறந்த வில்சன், கலிபோர்னியாச் சர்வகலாசாலையிற் கற்கும்போதே, 1921 இல் பேர்க்லி நகரப் பொலிஸில் சாதாரண காவலராகச் சேர்ந்தவர். பகலில் விரிவுரை, இரவில் ரோந்து என்றால் எம் போன்ற மாணவர் எத்தனை பேர் தாங்குவோம்? கற்ற இளைஞரே பொலிஸுக்கு வேண்டுமென நம்பிய பேர்க்லிப் பொலிஸ் தலைவர் ஒகஸ்ட் வோல்மர் அவருக்குக் குருவாக வாய்த்தார்.

1925 இல் புல்லர்ட்டன் என்னும் சிறு நகரின் பொலிஸ் தலைவரானார். அப்பதவி நெடுநாள் நிலைக்கவில்லை. 1928 இல் கான்சஸ் மாநிலத்து விச்சிட்டா நகரம் அவரை அழைத்தது. பொலிஸ் அடையாளம் தீட்டிய மோட்டார் வண்டிகளைத் தெருவெங்கும் ஓடவிட்டு, வண்டிக்கு ஒரு காவலர் போதுமெனக் காட்டினார். ஆனால் சூது, மது, விபசாரம் பற்றிய சட்டங்களை ஆள் பார்த்துத் தளர்த்த அவர் ஒருப்படவில்லை. செல்வாக்குள்ளோரின் பகை முற்றியது. 1939 இல் பதவியை விட்டுப் பேர்க்லிக்கே ஆசிரியராகத் திரும்பினார். பொலிஸ் நிருவாகம் பற்றி அவர் 1950 இல் வெளியிட்ட நூல் பல நகரங்களின் பொலிஸ் அதிகாரிகளுக்குப் பாடநூலாயிற்று.

இத்தனையும் பட்டறிந்தவர், தம் வேலையில் அரசியல்வாதிகள் தலையிடலாகாது என்ற உறுதியைப் பெற்றே சிக்காகோவிற் கால் வைத்தார். தம் அலுவலகத்தை நகர மண்டபத்திலிருந்து பொலிஸ் தலைமையகத்துக்கு மாற்றினார். ஒரு கதிரை இடம் மாறியதில் என்ன என்று கேட்கலாம். அதுவரை வட்டார அரசியல்வாதிகளின் சொற்படி ஆடிய பொலிஸ் அதிகாரிகளுக்கு அதன் பொருள் நன்கு விளங்கியது. வட்டார எல்லைகளைத் தழுவி நின்ற பொலிஸ் பிரிவுகளைக் கலைத்து, தொகையைக் குறைத்து, புதிதாக வகுத்தார். பொலிஸாரின் குற்றங்களை விசாரிக்கத் தனிப்பகுதி அமைத்தார், சம்பளத்தை உயர்த்தினார், கறுப்பின மக்களைக் கூடுதலாகச் சேர்த்தார். 1966 இல் மார்ட்டின் லூதர் கிங் வீட்டுரிமை கோரி நடத்திய ஊர்வலங்களை வெள்ளையர் கல்லெறிந்து தாக்கினர். கிங்கின் தலையிலும் ஒரு கல் பட்டது. அக்கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் இடையே நின்றது வில்சனின் பொலிஸ்.

1967 இல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு ஓகஸ்டில், ஜனநாயகக் கட்சி மாநாட்டின்போது, அதே பொலிஸார் சிக்காகோத் தெருக்களில் இளைஞரைக் கண்டபடி அடித்து நொறுக்கியதை உலகம் தொலைக்காட்சியிற் கண்டது. இதற்கு வில்சனைக் குற்றஞ்சாட்டுவது முறையன்று. எனினும் நமக்கு ஓர் ஐயம் உண்டு. அரசியல்வாதியிடமிருந்து பொலிஸைப் பிரித்த அவர், காவலரை வண்டியில் ஏற்றித் தெருவிலுள்ள மக்களிடமிருந்தும் சிறிது பிரித்துவிட்டாரோ?

1972 ஒக்டோபரில் வில்சன் கலிபோர்னியாவிற் காலமானார். அதே ஆண்டு மிசூரி மாநிலத்துக் கான்சஸ் சிற்றியில் ஒரு சோதனை தொடங்கியிருந்தது. சில பகுதிகளில் வண்டி ரோந்தைப் பெருக்கினர். சிலவற்றில் அடியோடு நிறுத்தினர். மற்றவற்றில் வழமைபோல் விட்டனர். ஓராண்டின் பின் கணக்குப் பார்த்தபோது, குற்றங்களின் தொகையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை.