ஆக்கி வீரர் பாபு

ஆடிப் புகழ் பெறுதல் ஒன்று. ஆடக் கற்பித்துப் புகழ் பெறுதல் மற்றொன்று. முன்னதில் உச்சியைத் தொட்டுப் பின்னதில் ஏச்சும் கேட்டவர் பாபு என்று நாடே செல்லமாய் அழைத்த கன்வர் திக்விஜய் சிங்.

உத்தரப் பிரதேசத்துப் பாராபங்கியில் 1922-இல் பிறந்தவர். பந்தைத் தாமே கொண்டோடிக் கோல் போடுவதினும், உரிய நேரத்தில் உரியவனிடம் தள்ளிவிடுவதில்தான் அவருக்குப் பெயர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் துணைத் தலைவர். 1952 ஹெல்சிங்கியில் தலைவர். அங்கே இறுதிப் போட்டியில் நெதர்லாந்தை 6-1 என வென்றோம். ஐந்து கோல்கள் பல்பீர் சிங்குடையவை, ஒன்று பாபுவுடையது. அந்த ஐந்தை மட்டும் நினைவில் வைத்திருப்போர், அன்றைய தலைவரை மறந்துவிடுகிறார்கள்! 1958-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

ஆடுகளத்தை விட்ட பின்னர் இளைஞர்களைப் பயிற்றுவிப்பதில் ஈடுபட்டார். பெருஞ்சோதனை 1972-இல் வந்தது. மியூனிக் ஒலிம்பிக்கிற்குச் செல்லும் இந்திய அணியின் பயிற்சியாளர் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. 1968 மெக்சிகோவில் வெண்கலத்தோடு திரும்பியிருந்த நேரம் அது; இழந்த தங்கத்தை மீட்டுத் தர வேண்டுமென்று நாடு எதிர்பார்த்தது. ஹர்மிக் சிங் தலைமையிலான அவ்வணியில் தயான்சந்தின் மகன் அசோக் குமார், அஜித்பால் சிங், கோவிந்தா ஆகியோருடன் நம் தமிழகத்தின் கிருஷ்ணமூர்த்தி பெருமாளும் இருந்தார்.

பிரிவு ஆட்டங்கள் ஏழு. பிரிட்டனை 5-0, ஆஸ்திரேலியாவை 3-1, மெக்சிகோவை 8-0 என வென்றனர். கென்யா, நியூசிலாந்து ஆட்டங்களில் 3-2 என்று தப்பிப் பிழைத்தனர். நெதர்லாந்து, போலந்து ஆட்டங்கள் சமமாயின. ஒன்றிலும் தோல்வியில்லை! ஆனால் செப்டம்பர் 5-இல் இஸ்ரேல் வீரர்கள் மீது நடந்த கொடிய தாக்குதலால் போட்டிகள் நிறுத்தப்பட்டன. அதன்பின் நடந்த அரையிறுதியில் பாகிஸ்தானிடம் 0-2 எனத் தோற்றோம். கிடைத்த பெனால்டி கார்னர்களில் ஒன்றுகூடக் கோலாகவில்லை. நெதர்லாந்தை 2-1 என வென்று மீண்டும் வெண்கலமே கிட்டிற்று.

தங்கத்திற்குப் பழகிய நாட்டுக்கு வெண்கலம் இனிக்குமா? பழி பயிற்சியாளர் தலையில் விழுந்தது. ஒன்பது ஆட்டங்களில் ஒன்றே தோல்வி என்பதை யார் எண்ணிப் பார்த்தார்கள்? அரையிறுதியில் நம்மை வீழ்த்திய பாகிஸ்தானும் இறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் 0-1 எனத் தோற்றது. 1928 முதல் 1968 வரை இந்தியாவையும் பாகிஸ்தானையும் தவிர வேறெவரும் தொடாத தங்கம் ஐரோப்பாவுக்குப் போயிற்று. ஐரோப்பியர் உடல் வலிமையும் வேகமும் கொண்டு ஆட்டத்தையே மாற்றத் தொடங்கிவிட்டனர். அந்த மாற்றத்தைத் தனி மனிதர் ஒருவரின் குறையாக்கியது நியாயமாகாது என்பதே என் கருத்து.

மூன்றாண்டுகள் கழிந்தன. 1975-இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என வென்று இந்தியா உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. வெற்றிக் கோலை அடித்தவர் அசோக் குமார், அணித் தலைவர் அஜித்பால். கோவிந்தா, மைக்கேல் கிண்டோ, ஹர்சரண் சிங் ஆகியோரும் மியூனிக்கில் பாபுவின் கீழ் ஆடியவர்களே. இம்முறை அவர்களைத் தயார் செய்து அழைத்துச் சென்றவர், ஹெல்சிங்கியில் பாபுவின் தலைமையில் ஐந்து கோல் அடித்த அதே பல்பீர் சிங்!

பாபு அவ்வெற்றியைக் கண்ட பின், 1978 மார்ச்சில் மறைந்தார். லக்னோ நகரின் விளையாட்டரங்கம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது.