ஹபஷா தந்த மாவீரர் மாலிக் அம்பர்

ஹபஷா என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் ஹழ்ரத் பிலால் (ரலி) அவர்கள். இன்று எத்தியோப்பியா எனப்படும் அந்நாட்டில் சுமார் 1548-ஆம் ஆண்டில் பிறந்து, தக்காணத்தின் வரலாற்றையே மாற்றியமைத்தவர் மாலிக் அம்பர். ஆப்பிரிக்க அடிமைகள் என்றால் அமெரிக்காவுக்குக் கப்பலேற்றப்பட்டவர்களைப் பற்றியே நாம் படித்திருக்கிறோம். அரபிக்கடலைக் கடந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களும் ஏராளம்.

சாப்பு என்ற பெயருடைய அச்சிறுவர் அடிமையாக விற்கப்பட்டு, பல கைகள் மாறி பக்தாதை அடைந்தார். அங்கு மீர் காசிம் என்பவர் அவருக்குக் கல்வி புகட்டி, அம்பர் எனப் பெயர் சூட்டினார். அவர் இஸ்லாத்தையும் தழுவினார். பின்னர் 1570-களின் தொடக்கத்தில், அஹ்மத்நகர் நிஜாம்ஷாஹி அரசின் தலைமை அமைச்சர் செங்கிஸ் கான் அவரை விலைக்கு வாங்கினார். அந்த அமைச்சரும் ஒரு காலத்தில் ஹபஷி அடிமையாக இருந்தவரே என்பது சிந்திக்கத்தக்கது.

எஜமானர் மறைந்தபின் விடுதலை பெற்ற அம்பர், தமக்கென ஒரு படையைத் திரட்டினார். 1600-இல் அஹ்மத்நகர் கோட்டை முகலாயர் வசமாயிற்று. அரசு அழிந்தது என்று பலரும் எண்ணிய வேளையில், அரச குடும்பத்தவர் ஒருவரை அரியணையில் அமர்த்தி, ஆட்சிப் பொறுப்பைத் தாம் ஏற்றார். ஹபஷிகளும் மராட்டியரும் தோளோடு தோள் நின்ற அவரது படை, மறைந்திருந்து தாக்கும் போர்முறையால் கால் நூற்றாண்டு காலம் முகலாயருக்குச் சவாலாக விளங்கியது. சிவாஜியின் தந்தை ஷாஹாஜியும் அவரிடம் பணியாற்றியவரே. 1624-இல் பட்வாடிப் போரில் முகலாய, பீஜப்பூர்ப் படைகளை ஒருசேர முறியடித்தார்.

அவரை வெல்ல இயலாத பேரரசர் ஜஹாங்கீர், நிறத்தைச் சுட்டி அவரை இழித்தெழுதினார். அம்பரின் துண்டிக்கப்பட்ட தலைமீது தாம் அம்பெய்வதாக ஓவியமும் தீட்டச் செய்தார். ஓவியத்தில் கண்ட அந்த வெற்றி களத்தில் ஒருநாளும் கிட்டவில்லை.

வாளினும் நிலைத்தது அவரது நீர்ப்பணி. 1610-இல் கட்கி நகரை நிறுவிய அவர், தொலைவிலிருந்து நிலத்தடி வாய்க்கால்கள் வழியே, நிலச்சரிவின் விசையாலேயே நகருக்குத் தண்ணீர் கொணர்ந்தார். தண்ணீர் லாரிக்காகக் குடங்களுடன் காத்து நின்ற சென்னைவாசிகளாகிய நமக்கு அதன் அருமை விளங்கும். பின்னாளில் ஔரங்காபாத் எனப்பட்ட அந்நகரின் இன்றைய பெயர் சத்ரபதி சம்பாஜிநகர்.

1626-இல் மறைந்த அவரது அடக்கத்தலம் குல்தாபாத்தில் உள்ளது. அவரை இழித்தெழுதிய ஜஹாங்கீரின் பேரர் ஔரங்கசீப்பும் அதே ஊரில்தான் அடங்கியுள்ளார். நிறத்தாலும் குலத்தாலும் மனிதரை எடைபோடுவோருக்கு அவ்வூர் மண்ணே போதிய பாடமாகும்.