தேயிலைத் தோட்டத்தில் பிறந்த திரைப்படம்

ஜனவரி 17-ஆம் தேதி 'சில்பி திவஸ்', அதாவது கலைஞர் தினம் என்பது அஸ்ஸாமில் வசிக்கும் நம் அங்கத்தினர்களுக்குத் தெரிந்திருக்கும். அது 'ரூப்கோன்வர்' என்று அம்மாநிலத்தவர் அன்புடன் அழைக்கும் ஜ்யோதிபிரசாத் அகர்வாலாவின் நினைவு நாள்.

1903-ஆம் ஆண்டு ஜூன் 17 அன்று தாமோல்பாரி தேயிலைத் தோட்டத்தில் பிறந்தார். முன்னோர்கள் வியாபாரத்திற்காக ராஜஸ்தானத்திலிருந்து வந்தவர்கள். சில தலைமுறைகளில் அஸ்ஸாமியமே அவர்கள் வீட்டு மொழியாயிற்று. பதினான்காவது வயதில் இவர் எழுதிய முதல் நாடகம் 'சோணித் கோன்வரி', நாம் அறிந்த உஷா-அநிருத்தன் கதைதான்.

1926-ல் பொருளாதாரம் படிக்க எடின்பரோ சென்றார். பட்டம் பெறவில்லை, ஜெர்மனியில் சினிமாத் தொழிலைக் கற்று 1930-ல் திரும்பினார். 1932-ல் சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றார்.

விடுதலையானதும் படமெடுக்கத் துணிந்தார். கதை, கணவன் ஒளிந்திருக்கும் இடத்தைச் சொல்ல மறுத்துச் சித்திரவதையில் உயிர்நீத்த அஹோம் ராஜகுமாரி ஜொய்மதியின் சரித்திரம். அஸ்ஸாமில் அப்போது ஸ்டூடியோ ஏது? குடும்பத்திற்குச் சொந்தமான போலாகுரி தேயிலைத் தோட்டத்திலேயே 'சித்ரபன்' என்ற படப்பிடிப்புத் தளத்தை அமைத்தார். படம் முடிந்து பார்த்தால், பெரும்பகுதியில் ஒலி சரியாகப் பதிவாகவில்லை! நடிகர்களை மீண்டும் திரட்ட வழியில்லாததால், ஆண், பெண் பாத்திரங்கள் அனைத்திற்கும் தாமே குரல் கொடுத்தார். 1935 மார்ச் 10 அன்று 'ஜொய்மதி' முதல் அஸ்ஸாமியப் படமாக வெளிவந்தது. நஷ்டம் பலமாக இருந்தது. அதை ஈடுகட்ட 1939-ல் 'இந்திரமாலதி' எடுத்தார். அதில் நடித்த சிறுவன்தான் பிற்காலத்தில் புகழ்பெற்ற பூபென் ஹஸாரிகா.

அவரைவிடப் பெரிய விலை கொடுத்தவர் கதாநாயகி ஐதேவ் ஹந்திக். பெண்கள் நடிக்க முன்வராத அக்காலத்தில் திரையில் தோன்றிய குற்றத்திற்காகக் கிராமம் அவரை ஒதுக்கி வைத்தது. 2002-ல் மறையும்வரை அவருக்கு மணமாகவில்லை. ஜொய்மதியின் தியாகத்தைப் போற்றிய சமூகம், ஜொய்மதியாக நடித்தவளை மன்னிக்கவில்லை.

1942 போராட்டத்தில் தலைமறைவாக இருந்த ஜ்யோதிபிரசாத், அந்த அனுபவத்தின் அடிப்படையில் 'லபிதா' நாடகத்தை எழுதினார். 1951-ல் புற்றுநோயால் காலமானபோது வயது 47. காணாமற்போனதாகக் கருதப்பட்ட 'ஜொய்மதி'யின் சில சுருள்களை 1970-களில் அவர் தம்பி வீட்டு மோட்டார் கொட்டகையில் கண்டெடுத்தார். 

பிழைக்க வந்த மண்ணையே தாய்மண்ணாகக் கொண்டு, அதன் மொழிக்குச் சொத்தையெல்லாம் செலவிட்ட குடும்பம் அது. பல ஊர்களில் வேரூன்றிவிட்ட நமக்கும் அதில் சிந்திக்க விஷயமுண்டு.