டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி: சட்டசபைக்குச் சென்ற மருத்துவர்



நம் காரங்காட்டிலும் சுற்றியுள்ள கடற்கரை ஊர்களிலும் கர்ப்பிணிப் பெண்கள் அரசின் மகப்பேறு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது, அந்தத் திட்டத்தை ஒரு பெண்மணியின் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள். அவர் யார் என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. அவர் நமக்குத் தூரத்தவர் அல்லர். புதுக்கோட்டையில் 1886 ஜூலை 30 அன்று பிறந்தவர்.

தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பெண்ணைக் கல்லூரியில் சேர்ப்பதா என்று ஊரே எதிர்த்த காலம் அது. ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் மன்னரின் அனுமதி பெற்றே அவர் சேர முடிந்தது. பின்பு சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912-இல் மருத்துவரானார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குத் தடை சொல்லக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் அந்தத் திருமணம். இன்றுகூட எத்தனை வீடுகளில் இது நடக்கும்?

நன்றாக நடந்துவந்த மருத்துவத் தொழிலை விட்டு அரசியலுக்கு வர அவருக்கு அவ்வளவாக விருப்பம் இல்லை. மாதர் சங்கங்களின் வற்புறுத்தலால் சென்னை சட்டமன்றத்தின் நியமன உறுப்பினர் ஆனார். 1927-இல் அவையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அங்கே அவர் கையிலெடுத்த காரியங்களுள் பெரியது, பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம். தம் தாயின் சமூகத்துக் காயத்தைச் சபை நடுவே திறந்து காட்டுவது எளிதா? 1927-இல் தீர்மானம் கொண்டுவந்தார். கோயில் பணிக்காகத் தேவதாசிகளுக்கு விடப்பட்டிருந்த மானிய நிலங்கள், அந்தப் பணியிலிருந்து விடுபட்ட பின்பும் அவர்களிடமே இருக்க 1929-இல் சட்டம் வழி செய்தது. வழக்கத்தைத் தடை செய்வதோடு நில்லாமல், அந்தப் பெண்களின் சோற்றுக்கும் வழி பார்த்தது மருத்துவர் மனம் என்றே எனக்குத் தோன்றுகிறது. சத்தியமூர்த்தி போன்ற தலைவர்கள் எதிர்த்தார்கள். தேவதாசிப் பெண்களிலும் ஒரு பகுதியினர், தங்கள் கலையும் மரியாதையும் போய்விடும் என்று எதிர்த்தார்கள். அவர்கள் கவலையை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது.

முழுத் தடைச் சட்டம் வருமுன்பே, 1930-இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து அவர் பதவியைத் துறந்தார். சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது. ஆனால் அவர் காத்திருக்கவில்லை. இடையில், எந்த விடுதியும் ஏற்க மறுத்த தேவதாசி குலத்துச் சிறுமிகள் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைத் தம் வீட்டிலேயே தங்க வைத்தார். அப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம்.

இன்னொரு துயரமும் அவருக்குள் இருந்தது. தங்கை சுந்தரம்மாள் இளம் வயதிலேயே புற்றுநோயால் இறந்தார். கூடவே இருந்தும், மருத்துவராக இருந்தும், அவரால் காப்பாற்ற முடியவில்லை. புற்றுநோய் என்றால் சாவுதான் என்று எல்லாரும் கைவிட்டிருந்த காலத்தில், அதற்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் நன்கொடை திரட்டினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள்.

1956-இல் பத்ம பூஷண் விருது பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, 1968 ஜூலை 22 அன்று காலமானார். நம் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்தும் நோயாளிகள் இன்றும் ரயிலேறி அடையாற்றுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.